பெயர் எழுதிய புத்தகம்

பழைய பாட்டுப் புத்தகம் கையில் கிடைத்தால் சுஐபு படத்தைப் பார்ப்பதில்லை. முதலில் அட்டையைத் திறந்து உள்பக்கத்தை மேலும் கீழும் துழாவுவார். வெறுமையாக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். பென்சிலில் ஒரு பெயர் தெரிந்துவிட்டதோ, "போச்சு, பேரு போட்ருக்குது" என்று தலையில் கை வைப்பார்.

ஏர்வாடிக்காரர். வயது ஐம்பத்தாறு. இராமநாதபுரத்து பேக்கரியில் வர்க்கியும் ரஸ்க்கும் எடுத்து, டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின்னால் தகரப் பெட்டியில் அடைத்து, சாயல்குடி வரைக்கும் டீக்கடை டீக்கடையாகப் போடுவது தொழில். அந்தக் கடைகளில் வடை மடிக்க அடுக்கி வைத்திருக்கும் பழைய தாள்களுக்குள்தான் அவருடைய புதையல் கிடக்கிறது. அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று படம் போட்டு அச்சடித்த பாட்டுப் புத்தகங்கள். கிழிபடாமல் ஒன்று தப்பியிருந்தால் ரெண்டு பாக்கெட் ரஸ்க்கை வைத்துவிட்டு உருவிக்கொள்வார். "இதுல போயி எண்ணெய் வடிய வடை மடிக்கிறியே, ஒனக்கு மனசு வருதா?" என்று கடைக்காரரைத் திட்டவும் செய்வார். இதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ரஸ்க் நல்ல ரஸ்க்.

இப்படிச் சேர்ந்தவை அறுபத்திரண்டு. வேட்டி கட்டிய நரி, மூக்குக்கண்ணாடி போட்ட கொக்கு, சிவப்பு மை கோட்டைத் தாண்டி வழிந்து கன்னமே இடம் மாறிப்போன பாப்பா. எல்லாம் மனைவி லத்தீபாவின் பீரோவில் குடியேறிவிட்டன. "எஞ் சீலையெல்லாம் கொடியில தொங்குது. நரியும் கொக்கும் பீரோவுல படுத்திருக்குதுங்க" என்பார் லத்தீபா. சொல்லிக்கொண்டே, பூச்சி அரிக்காமல் வசம்புத் துண்டு மாற்றி வைப்பதும் அவர்தான்.

பெயர் எழுதிய புத்தகம் மட்டும் நேராகப் பீரோவுக்குள் போகாது. "பேரு எழுதுனது அமானிதம். ஒடையவங்க ஹலாலாக்காம வச்சுக்கக் கூடாது" என்பது சுஐபின் கட்சி. அமானிதம் என்றால் இன்னொருவர் பொருள், நம் பொறுப்பில் இருப்பது. ஹலாலாக்குவது என்றால், மனசார விட்டுக்கொடுத்தேன் என்று உடையவர் தன் வாயால் சொல்வது. ரஸ்க் கொடுத்துத்தானே வாங்கினீர்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "கடைக்காரருக்குக் குடுத்தேன். எழுதுன புள்ளைக்கு என்ன குடுத்தேன்?"

ஆகவே எழுதிய பிள்ளையைத் தேடிக் கிளம்பிவிடுவார். நாலாம் வகுப்பில் பெயர் எழுதிய ஒருவரை ஷார்ஜாவில் பிடித்து வாட்ஸப்பில் சம்மதம் வாங்கியிருக்கிறார். சாயல்குடியில் உப்பளம் வைத்திருக்கும் உக்கிரபாண்டி, "இதுக்காண்டியா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று சிரித்தார், மோர் கொடுத்தார், பேத்திக்கு வேண்டும் என்று புத்தகத்தையும் வைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் சுஐபுக்குச் சோறு இறங்கவில்லை. இரவு, உடையவரிடம் சேர்த்துவிட்ட நிம்மதியில் இரண்டு மடங்காக இறங்கியது.

ஆனால் ஒரே ஒரு புத்தகத்தில் மனிதர் சறுக்கிவிட்டார். ஐம்பத்தெட்டில் அச்சானது, ஒரு தாள்கூடக் குறையாதது. நடுப்பக்கத்தில் ஓர் ஆமை சேலை கட்டி, குடை பிடித்துக் கடற்கரையில் நடக்கிறது. "ஆமை அக்கா குடை பிடித்தாள், அலை நனைத்தும் நடை பிடித்தாள்." இவ்வளவு அழகான படம் இன்னொன்று அவரிடம் இல்லை. அட்டைக்குள்ளே குண்டுகுண்டாக எழுத்து: ஜெர்லின், மூன்றாம் வகுப்பு, தங்கச்சிமடம்.

எட்டு மாதம் அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். தங்கச்சிமடத்தில் எத்தனை ஜெர்லினோ, எங்கே போய்த் தேடுவது என்று தனக்குத் தானே நியாயம் வேறு சொல்லிக்கொண்டார். லத்தீபா ஒருநாள் போட்டு உடைத்தார். "ஷார்ஜாவுல ஆளப் புடிக்கிற மனுசனுக்கு தங்கச்சிமடம் தூரமாக்கும்?"

போன மாதம் பஸ் ஏறிவிட்டார். மூன்று பேரைக் கேட்டதில் ஆள் தெரிந்துவிட்டது. இறால் தலை கிள்ளும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார் ஜெர்லின். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை ஈரம். சுஐபு புத்தகத்தை விரித்துக் காட்டியதும் எழுந்தே விட்டார்.

"யாத்தே, ஆமை அக்கா! பாட்டுச் சொன்னதுக்கு டீச்சர், அவுக சின்னப்புள்ளையில படிச்சதக் குடுத்தாக பாய். எங்கண்ணன் எடைக்குப் போட்டுட்டான். ரெண்டு நாளு அழுதேன்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே பொரட்டுங்க, ஏங் கை ஈரம்" என்றார். சுஐபு புரட்டினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர் முகம் மலர மலர, திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று இவர் வேகமாகப் புரட்டினார்.

கடைசிப் பக்கம் வந்ததும் ஜெர்லினே சொன்னார்: "ஏங்கிட்ட இருந்தா மழைக்கு நனைஞ்சு போயிரும். நீங்களே வச்சுக்கங்க."

சுஐபுக்கு உயிர் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லணும்மா. மனசார விட்டுக்குடுத்தேன்னு."

சொல்ல வாயெடுத்த ஜெர்லின், மறுபடி அந்த ஆமையை ஒருதரம் காட்டச் சொன்னார். பார்த்தார்.

"எடுத்துட்டுப் போங்க பாய். மனசாரன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீக. எனக்குப் பொய் வராது."

புத்தகத்தை மூடாமலே சுஐபு தோளில் கிடந்த துண்டை உருவி, ஈரத்தைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி அவரிடம் நீட்டினார்.