பார்க்கிற சாமான், கேட்கிற சாமான்

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் கடைக்குப் புதிதாக ஆள் வந்தால், முதல் நாள் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. எலக்ட்ரானிக்ஸ் என்றாலே மிரண்டு போய் நிற்பார்கள். கம்பெனிக்காரர்கள் என்னென்னவோ பிரிவு பிரித்து வைத்திருக்கிறார்கள், அதைச் சொன்னால் ஒருத்தர் மண்டையிலும் ஏறாது. நான் நாலாகப் பிரித்துச் சொல்வேன். பார்க்கிற சாமான், கேட்கிற சாமான், கூடவே தூக்கிக்கொண்டு திரிகிற சாமான், கடைசியாக இதற்கெல்லாம் சோறு போடுகிற சாமான். டிவி முதல் வகை. ஸ்பீக்கர், ஹெட்போன், சவுண்ட்பார் இரண்டாவது. செல்போன், டேப்லெட், கையில் கட்டுகிற ஸ்மார்ட் வாட்ச் மூன்றாவது. சார்ஜர், பவர் பேங்க், ஸ்டெபிலைசர் எல்லாம் சோறு. இது புரிந்துவிட்டால் மீதியை வாடிக்கையாளரே சொல்லிக் கொடுத்துவிடுவார்.

இன்னொன்றும் சொல்வேன். டிவி வாங்க வருகிறவரிடம் எடுத்த எடுப்பில் எத்தனை இன்ச் என்று கேட்காதே. வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று கேள். அதில் பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

அம்மா செத்த அன்று திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஐஸ் பெட்டியை என் நாலு வகையில் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. உண்மையாகவே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைக் கொண்டுவந்தவரிடம் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும், ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், உள்ளேயே இருக்கிறது என்றார். சரி என்று ஒயரை யாரும் மிதிக்காதபடி சுவர் ஓரமாக ஒதுக்கிவிட்டேன். வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கல்லு மாதிரி நிற்கிறாளே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடிகிற வரைக்கும் டிவி போட மாட்டார்கள். பக்கத்து வீட்டில்கூடச் சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பார்கள். டிவியின் மேல் யாரோ ஒரு துண்டைப் போட்டிருந்தார்கள், அது நழுவிப் பாதி தொங்கியது. அப்பா அதற்கு எதிரிலேயே அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா உட்காரும் முக்காலி காலியாக இருந்தது. கூழ் கரைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். பேச்சு சுத்தமாக நின்றுபோனது.

கருமாதி முடிந்தது. அம்மா போட்டோவுக்கு மாலை போட்டு மாட்டினோம். சொந்தக்காரர்கள் கிளம்பும்போது, இனி டிவியைப் போட்டு விடு, பெரியவருக்குப் பொழுது போகட்டும் என்றார்கள். போட்டேன். அவரும் அம்மாவும் வருஷக்கணக்காக விடாமல் பார்த்த சீரியல்தான். கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். கடைச் சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே அருவி, ஒரே கிளி, சத்தமில்லாமல். பதினாறு நாளும் இருட்டாகக் கிடந்த ஒரு டிவியைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இத்தனை வெளிச்சம் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. வாடிக்கையாளர் வந்தார், வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன், விற்றேன். சாயங்காலம் பஸ் ஏறினேன். வழியில் கூட்டேரிப்பட்டு வந்ததுகூடத் தெரியாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் கூழ் ஆடை கட்டி அப்படியே இருந்தது. அப்பாவின் சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகித் தொங்கியது. இப்படியே போனால் இவரும் போய்விடுவார் என்று தெரிந்தது. அந்தப் பயம் மட்டும்தான் அந்த நாட்களில் எனக்கு உறைத்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் கேட்கிற சாமான்தான். அப்பாவுக்குக் காது மந்தம். மல்லாட்டை மில்லில் கடலை உடைக்கிற மெஷின் பக்கத்திலேயே நின்று தேய்ந்த காது. சத்தம் பத்தாமல்தான் எழுந்து போகிறார் என்று முடிவு கட்டி, கடையிலிருந்து நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கி வந்து மாட்டிவிட்டேன். வண்டு பூந்தாப்ல இருக்குது என்று கழற்றி வைத்துவிட்டார். கருமாதிக்கப்புறம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அடுத்து சவுண்ட்பார். அலமாரியில் இருந்த தட்டெல்லாம் அதிர்ந்தது, எதிர்வீட்டு அம்மா வந்து ஜாடைமாடையாகக் கேட்டுவிட்டுப் போனார். அப்பா மட்டும் அசையவில்லை. காது மெஷினா, அதை எப்போதோ தலைவலி என்று தூக்கிப் பரணில் போட்டாயிற்று.

அந்த வார லீவு நாளில் பொறுமை இழந்து அவர் காதருகே போய்க் கத்தினேன்.

"இத்தினி நாளா எப்படிப்பா பாத்துக்கினு இருந்த?"

அப்பா என்னை விசித்திரமாகப் பார்த்தார். இது தெரியாதா என்கிற மாதிரி.

"உங்கம்மா சொல்லும்," என்றார்.

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, விளக்கவும் வேண்டியிருக்கவில்லை. நான் வேலை முடித்து வருவதற்குள் சீரியல் முடிந்திருக்கும். லீவு நாளில் இயர்போனை மாட்டிக்கொண்டு உள்ளறையில் படுத்திருப்பேன். அதையும் தாண்டி அம்மாவின் தொணதொணப்பு கேட்கும். டிவி பார்க்கும்போது கூடவா இந்த அம்மாவுக்கு வாய் ஓயாது என்று நினைத்துக்கொள்வேன். அந்த முக்காலி அப்பாவின் இடது பக்கத்தில் ஒட்டிக்கிடந்ததும் அதனால்தான். இடது காதில்தான் அவருக்குக் கொஞ்சம் கேட்கும்.

அன்று சாயங்காலம் அந்த முக்காலியில் நான் உட்கார்ந்தேன். டிவியைப் போட்டேன். சீரியலில் பெரிய கூடம். மருமகள் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், மாமியார் நிறுத்தாமல் பேசுகிறார். அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னேன். வீட்டை விக்கச் சொல்றாங்கப்பா. சின்ன மருமவ கையெழுத்துப் போட மாட்டேன்றா. அப்பா தலையை என் பக்கம் லேசாகச் சாய்த்தார். எனக்குப் பழக்கமில்லை. ஒரு வசனத்தைச் சொல்வதற்குள் அடுத்தது போய்விடும். அம்மா இதை வெங்காயம் உரித்துக்கொண்டே செய்திருக்கிறார்.

மருமகள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு பெரியவரின் போட்டோ, மாலை, கீழே விளக்கு. அந்தப் பெரியவரைக் கும்பிட்டு அழ ஆரம்பித்தாள்.

"மாமனாரு செத்ததுலருந்து தனக்கு யாருமே இல்லன்னு சொல்றாப்பா," என்றேன்.

அப்பா வெடுக்கென்று திரும்பினார்.

"அவுரு எங்க செத்தாரு? அறுபதாங் கல்யாணத்து போட்டோ அது. அந்தாளு பெங்களூர்ல மூத்தவன் வூட்ல இருக்காரு."

"யாருப்பா சொன்னது?"

"உங்கம்மாதான்."

அம்மா இவருக்கு யாரையும் சாகவே விடவில்லை. மாலை போட்டிருந்தால் அறுபதாம் கல்யாணம், ஆளைக் காணோம் என்றால் பெங்களூர். வருஷக்கணக்காக எத்தனை பேரை அப்படி அனுப்பி வைத்தாரோ. இத்தனை பேரும் ஒரே ஊரில் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது சிரிப்புகூட வந்தது. இந்த மனுஷனுக்கு இப்போது எதைச் சொல்வது என்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு மாலை தொங்கியது, கருமாதிக்குப் போட்டது, காய ஆரம்பித்திருந்தது.

அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிவி பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"மால போட்டா இன்னான்னு எனக்குத் தெரியாதா கண்ணு? அது சொல்லிச்சு. நான் கேட்டுக்கினேன்."

டிவியில் மருமகள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அப்பா தலையை மறுபடியும் என் வாயருகே சாய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"பெங்களூர்லருந்து பெரியவரு போன் பண்ணாராம்ப்பா," என்றேன். "வூட்ட விக்காதீங்கன்னு சொல்லிட்டாராம்."

அப்பா தலையை ஆட்டினார். விளம்பரம் வந்தது. கூழு இருந்தா கொஞ்சம் குடு என்றார்.

அடுப்படிக்குப் போனேன். சட்டியில் கூழை எடுத்து மோர் ஊற்றினேன், வெங்காயம் உரிக்க எடுத்தேன். அதோடு சரி, கை நின்றுவிட்டது. மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வாயைப் பொத்தாமல், ஐஸ் பெட்டிக்கு முன்னால் எல்லாரும் அழுத மாதிரி. அவருக்குக் கேட்காது என்று தெரியும்.

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"விளம்பரம் முடிஞ்சிடுச்சு. ஜல்தி வந்து சொல்லு."