நாகப்பட்டணம் ஒரு ஊரா?

போன ஞாயிற்றுக்கிழமை ஜெலாப்பாங் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். பால்வெட்டும் மாரிமுத்துவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். பத்திரிகையில் எழுதுகிற மனுஷன் ஒருவன் சபையில் இருக்கட்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். வடை உண்டென்றால் நான் எந்தச் சபைக்கும் போவேன் — உங்களுக்குத் தெரியாததா?

தட்டு மாற்றும் நேரம். மாப்பிள்ளையின் அப்பா பழனி, லகாட் ஈயச் சுரங்கத்தில் வேலை செய்பவர், கேட்டார்.

"உங்களுக்கு எந்த ஊரு? குலசாமி எது?"

"நாகப்பட்டணம்ங்க" என்றார் மாரிமுத்து. "சாமிதான் தெரியல."

"அது கப்பல் ஏறுற எடம்லா. ரெண்டு பேருக்கும் ஒரே குலசாமின்னா பங்காளி ஆயிடுமே. எப்படிப் பொண்ணெடுக்கிறது?"

மாரிமுத்து ஐந்து வயதில் அப்பாவோடு கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவர். வந்த வருஷமே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். ஊரையும் சாமியையும் சொல்ல ஆள் இல்லை. உள்ளே மகள் விசும்புவது கேட்டது.

என்னால் சும்மா இருக்க முடியுமா? சென்னை மாகாணத்து ஜில்லாக்களை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். மாரிமுத்து திருதிருவென்று விழித்தார். படித்தவன் செய்த உதவி அவ்வளவுதான்.

வடை சுட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பொன்னம்மா கரண்டியோடு வந்தார்.

"ஊருப் பேரு கெடக்கட்டும். கப்பலுக்கு வர்ற வழியில ஆறு தாண்டினீங்களா?"

"ஆமாக்கா. கூடையாட்டம் வட்டமா ஒண்ணு. சுத்திச் சுத்திப் போச்சு. வாந்தி எடுத்தேன்."

"அது பரிசல். தஞ்சாவூருன்னா ஓடம்லா. வீட்டுல சோறா, களியா?"

"களிதான். ராகிக் களி."

"கும்பிட்ட சாமி ஞாபகம் இருக்கா?"

மாரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். "வெட்டவெளியில ஒக்காந்திருக்கும். பெரிய மீசை, முழிச்ச கண்ணு, கையில அருவா. பயத்துல அப்பா தோள்ல மூஞ்சிய மறைச்சுக்கிட்டேன்."

"முனியப்பன்" என்றார் பொன்னம்மா. "சேலத்துப் பக்கம், காவேரிக் கரை. எங்க பக்கந்தான்."

"எங்களுக்கு அங்காளம்மன்" என்றார் பழனி. "அப்ப பங்காளி இல்ல."

தட்டு மாறியது. மாரிமுத்து சபை என்றும் பாராமல் அழுதார். மகள் கல்யாணத்துக்கா, கிடைத்த சாமிக்கா... நான் கேட்கவில்லை.

என்ன நாடு அது! ஆற்றைத் தாண்டும் விதத்தை வைத்தே ஊர்ப்பக்கம் சொல்லிவிடலாம். நாலு காதம் நடந்தால் சாப்பாடு மாறுகிறது, சாமி மாறுகிறது. அத்தனையையும் கடல் தாண்டிக் கொண்டுவந்து, வடைச் சட்டி பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்த பொன்னம்மாவை நினைத்தால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பூகோளப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் பரிசல் இல்லையே!

திரும்பும்போது பஸ்ஸில் பழனி என் பக்கத்தில். அவருடைய ஊரைக் கேட்டேன்.

"குலசாமி பேரை அம்மா சொல்லிட்டுப் போச்சு. ஊரு... எனக்கும் நாகப்பட்டணம்தாண்ணே."

புந்தோங்கில் நான் இறங்கும்போது மெல்லக் கேட்டார்:

"அந்த அக்கா அடுத்து எப்ப வடை சுடும்?"