வெறும் குச்சி

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. என் அம்மா மூன்று வயதில் பழனி தைப்பூசக் கூட்டத்தில் தொலைந்தவள். சோமனூரில் தறி ஓட்டிய, பிள்ளையில்லாத ஒரு தம்பதி எடுத்து வளர்த்தார்கள்.
2. அதே வருடம் அதே கூட்டத்தில் தங்கையைத் தொலைத்த ஒருவர் கொமரலிங்கத்தில் இருப்பது 2008-ல் தெரியவந்தது.
3. இருவரும் கூடப்பிறந்தவர்களா என்று பார்க்க, டி.என்.ஏ. பரிசோதனைக்கு மூன்று பஞ்சுக் குச்சிகளை அனுப்பினேன்.
4. அவற்றில் இரண்டுதான் மனித வாய்க்குள் போனவை.
5. மூன்று பேருக்கு முடிவு வந்தது.

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை. நிறத்தைக்கூடக் கண்ணால் பார்த்து நம்பமாட்டேன், மெஷினில் வைத்து எண்ணைப் பார்த்தால்தான் நம்புவேன். அதனால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை.

அம்மாவுக்கு இது வெறும் ஆர்வமில்லை. அக்கா கல்யாணத்தில் தாய்மாமன் சீர் வைக்க ஆளில்லாமல் பக்கத்து வீட்டுக்காரரை நிற்கவைத்தோம். "பொறந்த ஊடு இல்லாதவ புள்ளைக்கு இரவல் மாமனாக்கும்" என்று பந்தியிலேயே ஒருத்தி சொன்னாள். அம்மா அன்று சாப்பிடவில்லை. அடுத்தது என் கல்யாணம். கொமரலிங்கத்துக்காரர் பார்த்ததுமே தங்கை என்று சொல்லிவிட்டார். அம்மாதான் பிடிகொடுக்கவில்லை.

"இன்னொரு இரவல் வேண்டாங் கண்ணு. நெசமா இல்லையான்னு எழுத்துல வாங்கிக் குடு."

பட்டறையில் எந்தச் சோதனையிலும் சாயம் போடாத வெள்ளைத் துணி ஒன்றையும் கூடவே வைப்போம். பிளாங்க் என்போம். அதில் நிறம் ஏறியிருந்தால் தவறு எங்களுடையது. அந்தப் பழக்கத்தில்தான் மூன்றாவது குச்சியும் எடுத்துப்போனேன். உறைகளில் ஏ, பி, சி என்று மட்டும் எழுதினேன். சி வெறும் குச்சி என்று டி.என்.ஏ. லேபுக்குச் சொல்லவில்லை. சரியாகச் செய்கிறார்களா என்று தெரியவேண்டுமே.

கொமரலிங்கத்தில் அவர் வீட்டுக் கூடத்தில், நல்ல உச்சி வெயில் நேரம். அவர் குச்சியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங் கண்ணு, காது கொடையற குச்சிய வாய்ல உடறீங்க?"

"பேசாம வாயத் தொறங்க. என்ற புள்ள படிச்ச புள்ள" என்றாள் அம்மா.

இருவருக்கும் எடுத்து முடித்து, மூன்றாவதைப் பிரித்தேன்.

"அது ஆருக்குங்க?"

"யாருக்கும் இல்லீங்க. காத்துக்கு."

"காத்துக்கும் வாய் இருக்குதுங்களா?"

நானும் சிரித்துக்கொண்டே குச்சியைக் கூடத்தின் நடுவில் சும்மா தூக்கிப் பிடித்தேன். அப்போது எதிரெதிரே உட்கார்ந்திருந்த இருவரும் ஒரே நேரத்தில் சமையலறை வாசல் பக்கம் திரும்பினார்கள். அங்கே யாருமில்லை. பல்லி என்று நினைத்தேன். குச்சியை உறையில் போட்டு ஒட்டினேன்.

ஒன்றரை மாதம் கழித்து டி.என்.ஏ. லேபிலிருந்து போன் வந்தது.

"மேடம், ஏ, பி மட்டும் வெச்சிருந்தா கூடப்பிறந்தவங்கன்னு உறுதியா சொல்லியிருக்க முடியாது. நல்ல வேளை, அம்மாவோடதையும் அனுப்பிட்டீங்க."

"எந்த அம்மா?"

"சி-தான் மேடம். ரெண்டு பேருக்கும் அவங்கதான் அம்மா. வாய்ல நல்லா தேய்ச்சு எடுத்திருக்கீங்க, மூணுல அதுதான் தெளிவா வந்திருக்கு."

போனை வைத்துவிட்டு, காரணமாக இருக்கக்கூடியவற்றை எல்லாம் காகிதத்தில் எழுதினேன். என் எச்சில் பட்டிருக்கலாம். ஆனால் நான் அம்மாவுக்கு மகள், தாயாக முடியாது. இருவருடையதும் கலந்திருக்கலாம், அப்படியானால் இரண்டு ஆள் தெரியும், இது ஒரே ஒரு பெண். மிச்சமிருந்த பஞ்சில் திரும்பச் செய்யச் சொன்னேன். அதே பெண். அவர்களுடைய அம்மா மகளைத் தேடித் தேடியே, தொலைந்த நாலாம் வருடம் இறந்துபோனவர் என்று கொமரலிங்கத்து மாமா முன்பே சொல்லியிருந்தார். எழுதிய காரணங்களை ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் காகிதத்தில் எதுவும் மிஞ்சவில்லை. பயம் வரவில்லை. கோயில் கருவறைக்கு முன்னால் நிற்கும்போது தானாகவே கை குவியுமே, அதுபோல, பட்டறை லேபில் கையுறையைக்கூடக் கழற்றாமல் கூப்பிவிட்டேன்.

இன்றைய நிலை இது. என் கல்யாணத்தில் மாமா தாய்மாமனாக நின்று சீர் வைத்தார். அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஏ-யும் பி-யும் கூடப்பிறந்தவர்கள் என்ற பக்கத்தை மட்டுமே அவர்களிடம் கொடுத்தேன். சி-யின் பக்கம் என்னிடம் இருக்கிறது. அன்று எதற்காகத் திரும்பினீர்கள் என்று இருவரிடமும் இதுவரை கேட்கவில்லை.