எங்கள் பாவின் மேல் ஏறிய கார்

இன்று காலை அப்பாவும் நானும் தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகளான பட்டுப் பாவு ஒன்றைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை சரிபார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்களுக்கு நெய்யக் கொடுக்கும் முதலாளி, மெட்ராசில் வாங்கிய கூரையில்லாத பழைய பந்தயக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.

“கொஞ்சம் நில்லுங்க முதலாளி, பாவைச் சுருட்டிடறோம்,” என்றார் அப்பா.

“ராகுகாலம் வந்துகினு இருக்குது. ஜல்தி ஒத்துப்பா! பட்டு என்னுதுதானே?”

சுருட்டுவதற்குள் ஏற்றிவிட்டார். இழைகள் சக்கரத்தில் சுற்றி அறுந்தன. அடுத்த பாவு கிடைக்கும்வரை தறிக்கு வேலையில்லை, அடுப்புக்கும்தான்.

அப்பா வண்டிக்கடியில் படுத்து இழைகளைப் பிரித்தெடுத்தார்.

“பெயின்ட்டு பத்திரம்பா,” என்றார் முதலாளி.

வாங்கிவந்த வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்தானே வைத்து நசுக்குவார்கள்? நாங்கள் பாவை வைத்தோம். நாளை உங்கள் தெருவுக்கு வருகிறாராம். நீங்கள் எதை வைக்கப்போகிறீர்கள்?