எழும்பாத கார்

ஒன்பது வயதில் எனக்கு மூளை கொஞ்சம் அதிகமாக இருந்தது. பிறகு மேலே மேலே படித்ததில் சரியாகிவிட்டது. அந்த அதிகப்படி மூளையைக் கொண்டு நான் கண்டுபிடித்த ஒரே உண்மை, என் மாமா பாட்டில் கடத்துகிறார் என்பது.

மாமா அம்மாவின் தம்பி. போலகத்தில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். துறைமுகத்தில் சுமை தூக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. ஒழுங்கான சம்பளம், தலை நிறைய முடி, இரண்டும் இருந்தும் கல்யாணம் ஆகவில்லை. அதற்கான காரணம் மாட்டுக்கொட்டகையில் நின்றது. மாடுகளை விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகையில், நெல் மூடும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஒரு ஜப்பான் கார். சிவப்பு. இரண்டே கதவு. சென்னையில் ஒரு டாக்டர் ஓட்டி அலுத்ததை மாமா வாங்கி வந்திருந்தார்.

"நாலு கதவு வச்ச வண்டியா வாங்கியிருந்தா எவனாவது பொண்ணு குடுத்திருப்பான். உன் தம்பிக்குப் புத்தி எங்க போவுது பாரு," என்பார் அப்பா அம்மாவிடம். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். மாமாவிடம் நேராகப் பேச மாட்டார். எல்லாவற்றையும் அம்மா வழியாக அனுப்புவார்.

என் சந்தேகத்துக்கு வருகிறேன். எங்கள் காரைக்கால் மாவட்டத்தில் வரி குறைவு என்பதால் மது பாட்டில் மலிவு. எல்லை தாண்டினால் விலை கூடிவிடும். ஆகவே எல்லையைத் தாண்டுகிற எந்த வண்டியும் சும்மா தாண்டாது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னாவுக்கு முன்பே தெரியும். கண்டுபிடிக்கிற வழியும் தெரியும். வண்டியின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பின்சக்கரத்துக்கு மேலே விரல் நுழைய இடமில்லாமல் உட்கார்ந்து போனால் உள்ளே சுமை இருக்கிறது. காலையில் பள்ளிக்கூட வேன் வரும்வரை நானும் என் கூட்டாளிகளும் சாலையோரம் நின்று, போகிற கார்களுக்கெல்லாம் "இருக்கு", "இல்ல" என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்போம். எந்த வண்டியையும் நிறுத்திப் பார்க்க முடியாது என்பதால் எங்கள் தீர்ப்பு ஒன்றுகூடத் தப்பானதில்லை.

இப்படியிருக்கையில், திருமலைராயன்பட்டினத்துச் சிநேகிதர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது மாமாவுக்கு நான்கு ஸ்பிரிங்குகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காருக்கடியில் கிடந்தார். சாயங்காலம் அவர் எழுந்தபோது கார் உட்கார்ந்துவிட்டது. என் சுண்டுவிரலைச் சக்கரத்துக்கு மேலே விட்டுப் பார்த்தேன். போகவில்லை.

"இருக்கு," என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மாமா என் கண்காணிப்பில் இருந்தார். ஆதாரங்கள் தாமாக வந்து குவிந்தன. பின்சீட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். ஏன் என்று கேட்டால், "எடை குறையணும்டி குட்டி," என்றார். எடை குறைக்கிறவர் வண்டியை ஏன் இப்படி உட்கார வைக்க வேண்டும்? அடுத்தது சத்தம். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ என்று ஏதோ ஒன்றை மாற்றினாராம். அதன் பிறகு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் சோடா உடைக்கிற மாதிரி "புஷ்" என்று கேட்டது. வண்டிக்குள் சோடா இருந்தால் அதனோடு வேறு என்ன இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம், வீட்டுக்கு வந்ததும் அவர் இன்ஜினை அணைக்க மாட்டார். உறுமுகிற வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். டர்போ சூடாக இருக்குமாம், சட்டென்று நிறுத்தினால் உள்ளே ஆயில் கருகிவிடுமாம். எனக்குத் தெரியாதா? போலீஸ் வந்தால் அப்படியே பறப்பதற்குத்தான். ஞாயிறுதோறும் நல்ல தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு அடியில் படுத்து, மணிக்கணக்காக என்னமோ செய்வார். "கடக்காத்து உப்பு தகரத்த தின்னுடும்டி." உலகத்தில் எவனாவது காரின் அடிவயிற்றைக் கழுவுவானா?

இவ்வளவு தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமா எனக்கு வாரம் தவறாமல் ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். துப்பறிகிறவர்களுக்கும் வாய் உண்டு.

அப்போதுதான் தரகர் மூலம் சீர்காழியில் ஒரு இடம் வந்தது. பெண் வங்கியில் வேலை பார்த்தாள். நல்ல குடும்பம், மாமாவின் புகைப்படத்தைப் பார்த்துச் சிரித்தாளாம், கேலியாக அல்ல. இதற்கு முன் வந்த இடங்களெல்லாம் காரைப் பற்றிக் கேள்விப்பட்டதும் கைவிட்டுப் போயிருந்தன. இதுவும் போனால் தம்பி கொட்டகையிலேயே கிழவனாகிவிடுவான் என்று அம்மா அழுதாள். மாமா அசையாமல் நின்று கேட்டுவிட்டு, பின்சீட்டைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து மாட்டினார். அவருக்கும் அந்த இடத்தின் மேல் ஆசைதான் என்று எனக்கே தெரிந்தது.

புறப்படுகிற அன்று காலை, அப்பா தானே ஒரு மஞ்சள்பையில் பழங்களை அடுக்கி டிக்கியில் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பிப் போய் மறுபடியும் சரிபார்த்தார். ஒரே ஒரு ஆரஞ்சு எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "தொட்டேன்னா தோல உரிச்சிடுவேன்." என் சந்தேகப் பட்டியலில் அப்பா இல்லை. பள்ளிக்கூடத்தில் மதுவின் தீமை பற்றி ஆண்டுதோறும் பேசுகிறவர் அவர்தான்.

அந்தப் பயணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டிவிடுமோ என்ற பயத்தில் மாமா எங்களை இறக்கிவிடுவார். இரண்டு கதவு என்பதால் முதலில் அப்பா இறங்குவார், சீட்டை மடக்குவார், பிறகு பட்டுப்புடவையோடு அம்மா குனிந்து தவழ்ந்து வெளியே வருவாள், பின்னால் நான். மாமா வண்டியைக் கோணலாகத் திருப்பி, பிரசவம் பார்க்கிறவர் முகத்தோடு தடையைத் தாண்டுவார். "உலகத்துலயே வேகமான வண்டிங்குறான். காரைக்கால் தாண்டறதுக்குள்ள எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு," என்றார் அப்பா, வழக்கம்போல அம்மாவிடம்.

பூவம் தாண்டியதும் சோதனைச்சாவடி. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்த காவலர் கையைக் காட்டினார். நேராகப் பின்சக்கரத்துக்குப் போனார். குனிந்தார். விரலை விட்டுப் பார்த்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அரசாங்கமும் என் முறையைத்தான் பின்பற்றுகிறது!

"என்ன சார், இப்புடி உக்காந்துருக்கு?"

"ஸ்பிரிங்கு மாத்தியிருக்கேன் சார். வளைவுல தரையோட ஒட்டிப் போவும்."

"சீர்காழி வரைக்கும் ஏது சார் அவ்ளோ வளைவு? எல்லாரும் எறங்குங்க. ஆளு எறங்குனா வண்டி எழும்பணும். எழும்பலன்னா உள்ள என்னமோ இருக்கு."

இறங்கிப் பழகியிருந்ததால் விரைவாகவே இறங்கினோம். எல்லாரும் காரைப் பார்த்தோம். அது ஒரு நூல்கூட எழும்பவில்லை.

"இது கெட்டி ஸ்பிரிங்கு சார்," என்றார் மாமா. "ஆளு ஏறினாலும் எறங்காது, எறங்கினாலும் எழும்பாது."

"அப்புறம் எதுக்கு சார் ஸ்பிரிங்கு?"

மாமாவிடம் பதில் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. டிக்கி திறக்கப்பட்டது. ஜாக்கி, ஆயில் டப்பா, பள்ளத்தில் சக்கரத்துக்குக் கொடுக்கிற இரண்டு பலகைகள். அப்புறம் மஞ்சள்பை. "அது பழம்ங்க. பொண்ணு வீட்டுக்கு," என்றார் அப்பா. முந்திக்கொண்டு பையின் வாயைப் பொத்தினார். காவலர் ஆப்பிள்களை எடுத்து வைத்தார், ஆரஞ்சுகளை எடுத்து வைத்தார், அடியில் செய்தித்தாள் சுற்றிய இரண்டு பாட்டில்களை எடுத்தார்.

"யாருது இது?"

எங்களுக்குப் பின்னால் ஒரு பேருந்து வந்து நின்றிருந்தது. ஜன்னல்களில் தலைகள். அதில் ஒரு தலை, "வணக்கம் சார்!" என்று அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டியது. பழைய மாணவன். அப்பா பதில் வணக்கம் சொல்லாமல் மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். பேருந்தைப் பார்த்தார். காரையும் ஒருமுறை பார்த்தார்.

"என்னுதுதான் சார். எங்க அத்தானுக்குத் தெரியாது. அவரு வாத்தியாரு, இதெல்லாம் தொட மாட்டாரு."

"நான் அப்பவே நெனச்சேன்!" என்றேன் உரக்க. அம்மா என் இடுப்பில் கிள்ளிய கிள்ளு சீர்காழி வரை எரிந்தது.

பெண் பார்க்கப் போகிறவர்கள் என்பதால் காவலர் பாட்டில்களைச் சாலையோரம் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, மாமாவைப் பொறுப்பில்லாத பயல் என்று திட்டி அனுப்பினார். ஆனால் பேருந்து வேகத்தடைகளில் ஆட்களை இறக்கிவிடுவதில்லை. எங்களுக்கு முன்பே அது சீர்காழி போய்ச் சேர்ந்துவிட்டது, அதிலிருந்த செய்தியும். கேசரி கொடுத்தார்கள். பெண்ணின் அப்பா வெளியே வந்து காரைச் சுற்றினார், பின்சக்கரத்தருகே கொஞ்சம் நின்றார், உள்ளே போய்விட்டார். அந்த வாரமே ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

அந்தச் சேதி வந்த அன்று மாமா வேலையிலிருந்து திரும்பி, இன்ஜினை அணைக்காமல் வழக்கத்தைவிட நெடுநேரம் காருக்குள்ளேயே இருந்தார். டர்போ அவ்வளவு சூடாகியிருக்காது. உள்ளே அடுப்படியில் அப்பா அம்மாவிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"தரகரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ரெண்டு பாட்டிலு குடுத்தா இடத்தக் கெட்டியா முடிச்சுத் தருவாரேன்னுதான்..."

"அத அங்க வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமுல்ல?"

மாமாவின் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார், எங்கள் அப்பா எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று நான் பூரித்துப்போனேன்.

அடுத்த ஞாயிறு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால், காருக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தவை அப்பாவின் கால்கள். மாமா முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் உள்ள விடுங்க அத்தான். அங்கதான் உப்பு நிக்கும்."

"இங்கயா மாப்ள?" என்றது காருக்கடியிலிருந்து அப்பாவின் குரல். அம்மா வழியாக அல்ல, நேராக.

அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். தப்பு செய்தவர் மாமா, மண்ணில் படுத்துத் தண்ணீர் அடிக்கிறவர் அப்பா. என் கணக்கு எங்கேயோ உதைத்தது. நிறைய யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: மாமா அப்பாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டுவிட்டார். அன்று முதல் இரண்டு பேரையும் கண்காணிக்கத் தொடங்கினேன்.