ஒன்பதாம் பாடத்தில் ஒரு வெட்டு

அவளைப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிட்டார்கள். மாணவிகள் கொஞ்சம் மரியாதை சேர்த்துக் கத்தரி அக்கா என்பார்கள். அது காயும் இல்லை, வெயிலும் இல்லை, கத்தரிக்கோலில் பாதி. பேராசிரியர்கள் பேசிப் பதிவு செய்யும் பாடங்களை வெட்டி ஒட்டி, பாட்காஸ்டாகவும் வீடியோவாகவும் மாணவர்களுக்கு ஏற்றிவிடுவது அவள் வேலை.

அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் விளம்பரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது விநாடிப் பேச்சை முப்பதுக்குள் அடக்க வேண்டும், ஆனால் எங்கே குறைந்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது. அந்தக் கைத்திறனைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு உட்காரத் தெரியாது. பத்து நிமிடம் ஒரே இடத்தில் இருந்தால் நாற்காலி சுடும். பதிவறையில் கோப்பு அலமாரியின் தலையில் கணினித் திரையைத் தூக்கி வைத்து, நின்றபடியே வேலை செய்வாள். அந்த அறை ஒரு காலத்தில் வேதியியல் துறையின் சாமான் அறை. சுவர் முழுக்கப் பழைய தரைவிரிப்புகளை அடித்து ஒலி அடக்கியிருந்தார்கள். மின்விசிறி ஓடினால் மைக்கில் இரையும் என்பதால், பதிவு நடக்கும்போது அதை நிறுத்தி வைப்பார்கள். வியர்த்து விறுவிறுத்துப் போய்த்தான் எந்தப் பேராசிரியரும் வெளியே வருவார்.

அவர்களில் அவளுக்குப் பிடித்தவர் உடலியல் பேராசிரியர். நர்சிங் முதலாண்டுக்குப் பாடம் எடுப்பவர். அவர் பேச ஆரம்பித்தால், பாடம் தெரியாத அவளே கையைக் கட்டிக்கொண்டு கேட்பாள். ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதை அடுத்த வீட்டுச் சண்டையைச் சொல்வதுபோல் சொல்வார். ஒரே ஒரு குறை, வாய் மனதைவிட வேகமாக ஓடும். தப்பாக ஒரு வரி சொல்லிவிட்டு, "இல்ல இல்ல" என்று நிறுத்தி, அதே வரியைச் சரியாக மறுபடி சொல்வார். ஒரு பாடத்தில் பத்துப் பன்னிரண்டு "இல்ல இல்ல" வரும்.

அந்த இரண்டு சொற்களும் திரையில் ஓடும் ஒலி வரைபடத்தில் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். அடுத்தடுத்து இரண்டு சின்னத் திமில்கள். காதில் விழுவதற்குள் கண்ணாலேயே கண்டுபிடித்து, முன்னால் இருக்கும் தப்பு வரியோடு சேர்த்துத் தூக்கிவிடுவாள். வெட்டிய இடத்தில் வீடியோவில் அவர் தலை குதிக்கும்; அதை மறைக்க ஒரு படத்தை மேலே போட்டுவிடுவாள். கடைசியில் வெளியே போகும் பேராசிரியர் ஒரு முறைகூடத் தடுமாறாதவர்.

மாணவர்கள் அந்தப் பாடங்களைப் பேருந்தில் கேட்டார்கள், துணி துவைக்கும்போது கேட்டார்கள், தேர்வுக்கு முந்தின வாரம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டார்கள். வகுப்பில் கூட்டம் குறைந்ததுகூட உண்மைதான். "என்னைவிட என் வீடியோவுக்குத்தான் மவுசு" என்று அவர் சிரித்துக்கொள்வார்.

இரண்டாம் பருவம் பாதி ஓடியிருந்தபோது அது நடந்தது.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பேராசிரியர் ஒரு மாணவியைக் கூட்டிக்கொண்டு பதிவறைக்கு வந்தார். ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சிக்குப் போய்வரும் பெண். அழுது முடித்த முகம்.

"ஒன்பதாம் பாடத்தைக் கொஞ்சம் போடும்மா. சர்க்கரை நோய் வர்ற இடம்" என்றார்.

அவள் போட்டாள். திரையில் கணையத்தின் படம் வந்தது. அதன் பின்னாலிருந்து பேராசிரியரின் குரல் தெளிவாகச் சொன்னது: "திடீர்னு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடன்னு வரும். ரத்தத்துல சர்க்கரை ஏறிடுச்சுன்னு அர்த்தம்."

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. "இன்னொரு தடவை போடு."

இன்னொரு தடவையும் அதேதான் சொன்னது.

"அது ஏறினா இல்ல, இறங்கினா" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். "குறைஞ்சாதான் அப்படி வியர்க்கும். இது எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியுமே."

முந்தின நாள் வார்டில் ஒரு நோயாளிக்கு அப்படி வியர்த்துக் கொட்டியிருக்கிறது. இந்தப் பெண் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். பொறுப்பு நர்ஸ் அதை நம்பாமல் விரலில் குத்திச் சோதித்தால், சர்க்கரை அதலபாதாளத்தில். உடனே குளுக்கோஸ் கொடுத்து, கால் மணி நேரத்தில் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் இவள் பேச்சைக் கேட்டுச் சர்க்கரையை இறக்கும் இன்சுலின் ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நர்ஸ் எல்லோர் முன்னாலும் வைத்து வாங்கியிருக்கிறார்.

"நான் நாலு தடவை கேட்டேன் சார். நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்" என்றாள் மாணவி.

"ஆமாம்மா. நான்தான் சொல்லியிருக்கேன். உன் மேல தப்பில்ல."

ஒன்பதாம் பாடத்தை உடனே எடுத்துவிடச் சொன்னார். அன்று மதியமே வகுப்பில் நின்று, தான் தவறாகச் சொல்லிவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். துறைத்தலைவர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு வாய்ப்பிசகா என்று கேட்டாராம். வெளியே வந்தபோது பத்து வயது கூடிப்போனவர் மாதிரி இருந்தார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

கத்தரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். ஆனால் சொன்னால் உடனே "இல்ல இல்ல" என்பாரே, அது எங்கே போயிற்று? மூலப் பதிவுகள் பருவம் முடியும்வரை கணினியில் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். மறுநாள் காலை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பதாம் பாடத்தின் மூலத்தைத் திறந்தாள்.

"சர்க்கரை ஏறிடுச்சுன்னு அர்த்தம். இல்ல இல்ல. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடன்னு வரும். சர்க்கரை இறங்கிடுச்சுன்னு அர்த்தம்."

திருத்திச் சொன்ன இரண்டாம் வரியின் நடுவே கதவு ஒன்று தடாலென்று அடித்துக்கொள்ளும் சத்தம் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வரியும் கேட்க ஒன்றுபோலத்தான் இருந்தன. சத்தம் விழுந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுத்தமாக இருந்த முதல் வரியை வைத்துக்கொண்டாள். எது சுத்தம் என்று பார்த்தாளே தவிர, எது சரி என்று பார்க்கவில்லை.

கதவைத் திறந்து தாழ்வாரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஏழெட்டு முறை நடந்தாள். திரும்பி வந்து, அந்தக் கோப்பின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு நின்றாள். அழிப்பதற்கு ஒரு விசை போதும். அழிக்காவிட்டாலும் ஏழு வாரத்தில் அதுவே போய்விடும். உலகத்தில் இதைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் அழிக்கவில்லை. சொல்லவும் இல்லை. இப்படி ஒன்பது நாள் போயிற்று.

அந்த ஒன்பது நாளில் பேராசிரியர் இரண்டு முறை பதிவுக்கு வந்தார். இரண்டு முறையும் கையில் தாள். எழுதிக்கொண்டு வந்ததை வரிவரியாகப் படித்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிறுத்தி, விரலை வைத்துச் சரிபார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அடுத்த வீட்டுச் சண்டை எல்லாம் காணாமல் போயிருந்தது. மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல் இருந்தது. ஒரு "இல்ல இல்ல" கூட இல்லை. வெட்டுவதற்கு அவளுக்கு ஒன்றுமே இல்லை.

"சரியா இருக்காம்மா?" என்று போகும்போது கேட்டார். முன்பெல்லாம் அவர் அப்படிக் கேட்டதே கிடையாது.

"இருக்கு சார்" என்று மென்று விழுங்கினாள்.

வீட்டில் அவள் தட்டை வைக்கிற இடத்தில் டம்ளரையும் டம்ளரை வைக்கிற இடத்தில் சாவியையும் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டான்.

"என்ன ஆச்சு உனக்கு? ஒரு வாரமா வீட்டை அளந்துக்கிட்டே இருக்கே."

சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, விடு. அவரே மன்னிப்புக் கேட்டு முடிச்சுட்டாரு. நீ போய்க் கிளறினா உன் வேலைக்குத்தான் உலை" என்றான்.

அவன் சொன்னதைத்தான் அவளும் ஒன்பது நாளாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் அவன் வாயால் கேட்டபோது சுருக்கென்று கோபம் வந்தது.

"நீங்க ரிப்பேர் பண்ணிட்டு வந்த லிஃப்ட்ல ஒரு தப்பு பண்ணிட்டோம்னு வீட்டுக்கு வந்தப்புறம் தெரியுது. என்ன பண்ணுவீங்க?"

"லிஃப்டை நிறுத்தச் சொல்லிப் போன் பண்ணுவேன். போய்ப் பாப்பேன்."

"அதோட விட்டுருவீங்களா?"

"எப்படி விடறது? அதே வாரத்துல கை வச்ச மத்த லிஃப்டையும்…" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டு, மடித்த பேப்பரை மறுபடி பிரித்தான். "சரி. போய்ச் சொல்லு" என்றான் பேப்பருக்குள்ளிருந்து.

திங்கட்கிழமை பேராசிரியர் தாளோடு வந்து உட்கார்ந்தார். அவள் பதிவைத் தொடங்கவில்லை. மின்விசிறியை ஓடவிட்டாள்.

"சார், இன்னைக்கு ரெக்கார்டிங் வேண்டாம். ஒண்ணு கேளுங்க."

மூலத்தைப் போட்டாள். அவர் கேட்டார். கதவு அடித்துக்கொண்டதைக் கேட்டார். தன் குரல் "இறங்கிடுச்சுன்னு அர்த்தம்" என்றதையும் கேட்டார்.

"நான்தான் மாத்தி வெட்டிட்டேன் சார். நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

"எப்ப தெரியும்?" என்றார்.

"அடுத்த நாளே."

"பத்து நாளாச்சே."

"ஆமாம் சார்."

"எனக்கு மூளை மழுங்கிப் போச்சுன்னு நெனச்சுட்டேன்மா. டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்தேன். தெரியுமா உனக்கு?"

தெரியாது. அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தாள்களை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கதவருகே நின்று, "மத்த பாடத்துல எல்லாம்?" என்று கேட்டார்.

"தெரியாது சார். பாத்துடறேன்."

அன்றைக்கே அவள் தொடங்கினாள். அவருடைய பாடங்கள் மட்டும் முப்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் மூலத்தையும் வெட்டியதையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். மூலத்தைக் கைப்பேசியில் ஏற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடந்தாள். நூலகத்தைச் சுற்றி, வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி, மாடிப்படி ஏறி இறங்கிக் கேட்டாள். சந்தேகம் வந்த இடத்தில் நின்று, கையிலிருந்த சீட்டில் நிமிடத்தைக் குறித்தாள். பார்த்தவர்கள், கத்தரி உடம்பைக் குறைக்கப் பார்க்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். மூன்று வாரம் ஆயிற்று. கேட்கக் கேட்கப் பாடம் வேறு புரிய ஆரம்பித்துவிட்டது. அதனால் பயம் கூடிற்றே ஒழியக் குறையவில்லை. இத்தனை நாள் அர்த்தம் தெரியாமல் எத்தனை வரிகளைத் துண்டாடியிருக்கிறோம் என்று உடம்பு கூசியது.

மேலும் இரண்டு தவறுகள் அகப்பட்டன. பதினான்காம் பாடத்தில் இடது என்பது வலது ஆகியிருந்தது. இருபத்திரண்டில் "பெரும்பாலும்" என்ற ஒரு சொல் போய், பல நேரம் நடப்பது எப்போதும் நடப்பதாக மாறியிருந்தது. இரண்டையும் எழுதிக்கொண்டு போய், முதலில் பேராசிரியரிடமும் பிறகு துறைத்தலைவரிடமும் கொடுத்தாள்.

துறைத்தலைவர் மெமோ கொடுத்தார். அவள் நான்கே வரியில் பதில் எழுதினாள். அந்த வருடச் சம்பள உயர்வு நின்றது. இனிமேல் எந்தப் பாடமும், பேசியவர் முழுசாகக் கேட்டுக் கையெழுத்துப் போடாமல் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. மற்றப் பேராசிரியர்களுக்கு அது பெரிய தலைவலி. "உன்னால எங்க சொந்தப் பேச்சை நாங்களே கேட்டுச் சாகவேண்டியிருக்கு" என்று பொருளாதாரக்காரர் முகத்துக்கு நேரே சொன்னார்.

உடலியல் பேராசிரியர் ஒரு மாதம் அவளோடு வேலை தவிர வேறு பேசவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கையில் தாள் இல்லாமல் வந்தார்.

"ஒரு தனிப் பாடம் எடுத்துரலாம். அந்த மூணு தப்பையும் போட்டுக் காட்டுவோம். நான் சொன்னது, நீ வெட்டினது, ரெண்டும். நீயும் பேசணும்."

"நானா? எனக்கு மைக்குக்கு இந்தப் பக்கம்தான் சார் பழக்கம்."

"எனக்கு மட்டும் கேமரா பிறந்ததுல இருந்தே பழக்கமா?"

அவள் பேசினாள். தன் குரலைத் தானே வெட்ட வேண்டியிருந்தது ஒரு தண்டனை. எங்கெங்கே திக்கினாள் என்று பார்த்து, கை பரபரத்தது. ஆனால் அவர் ஒன்று சொல்லியிருந்தார்: இனிமேல் அவருடைய பாடங்களில் "இல்ல இல்ல" அப்படியே இருக்கட்டும், தப்பும் திருத்தமும் இரண்டும் கேட்கட்டும். அந்தத் தனிப் பாடத்துக்கும் அதே விதி.

வார்டில் திட்டு வாங்கிய மாணவியை அவளே தேடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் உடனே மன்னித்துவிடவில்லை. "நாலு தடவை கேட்டேன்கா" என்று மட்டும் திரும்பச் சொல்லிவிட்டு, வார்டுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

அடுத்த பருவத்தின் கடைசியில் மாணவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: சார் தப்பாகச் சொல்லித் திருத்துகிற இடங்கள்தான் தேர்வில் ஞாபகம் வந்தன, மற்றதெல்லாம் பேருந்திலேயே இறங்கிப் போய்விட்டது. பேராசிரியர் அதை அச்செடுத்துப் பதிவறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். கத்தரிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் சந்தோஷமும் நிறைய எரிச்சலும் வந்தன. இருபத்தைந்து நிமிடத்தில் முடியவேண்டிய பாடம் இப்போது முப்பத்தொன்பது நிமிடம் ஓடுகிறது. அதில் குறைந்தது பத்து நிமிடத்தை அவளால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட முடியும். எடுப்பதில்லை.