அணையாத பிரேக் லைட்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் திருவண்ணாமலை அவலூர்பேட்டை ரோட்டில் முருகவேல் ஷெட் எது என்று விசாரித்து, அவனிடமே போய்க் கேட்கலாம். கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். அந்தக் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அவனுக்குக் கோபம் தலைக்கேறும். கையில் ஸ்பேனர் இருந்தால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

முருகவேல் கார் எலக்ட்ரீஷியன். போன ஐப்பசியில் ரியல் எஸ்டேட்காரர் சக்கரவர்த்தி அவன் ஷெட்டுக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டே சீட். பளபளவென்று புது சிவப்புப் பெயின்ட். ஓடும்போது இன்ஜின் திடீர் திடீரென்று நின்றுபோகிறது, ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி. சென்னையில் வாங்குவதற்குப் பார்ட்டி ரெடி, மறுநாள் விடியற்காலை வண்டி கிளம்பியாக வேண்டும் என்று குதித்தார். ஓட்டிப்போக ஆக்டிங் டிரைவராக அவர் பேசியிருந்தது முருகவேலின் சொந்தத் தம்பி இளஞ்செழியனை.

"பிரேக்லாம் புதுசா பண்ணியாச்சு. அத நோண்டாத. கரண்டு வேலைய மட்டும் பாரு."

"நீங்களும் கூடவே போறீங்களா சார்?"

"நான் பின்னாடி என் வண்டில வரேன்."

பானெட்டைத் திறந்ததுமே முருகவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. இதற்கு முன்னால் கை வைத்த புண்ணியவான்கள் ஒயரை அறுத்து, கலர் மாற்றி முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். புது வண்டியாக இருந்தால் ஸ்கேனரைச் செருகினால் அதுவே கோளாறைச் சொல்லும். இந்தக் கிழட்டு வண்டியில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராகத்தான் தடவ வேண்டும். திட்டிக்கொண்டே தடவினான். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்து, பேருக்குத் தொட்டுக்கொண்டிருந்தது. சுரண்டி, இறுக்கினான். இன்ஜின் கும்மென்று பிடித்தது. பாதி வேலை முடிந்தது.

பேட்டரியைக் குடிப்பது எது என்று பார்க்க, டெஸ்ட் லேம்ப்பைப் பேட்டரியோடு கோத்துவிட்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பிரேக் லைட் ஃபியூஸைப் பிடுங்கியதும் டெஸ்ட் லேம்ப் அணைந்தது. அப்படியானால் யாரும் மிதிக்காமலே பின்னால் விளக்கு எரிகிறது. பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச்சை மாற்றினான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, விளக்கு மறுபடியும் தானாக எரிந்தது. தானாக அணைந்தது. நல்ல ஸ்விட்ச். ஷார்ட் கிடையாது. அவனுக்கு மண்டை காய்ந்தது.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். மலை முழுக்க மேகம் இறங்கி, மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சடசடவென்று ஒரே இரைச்சல். இளஞ்செழியன் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். முருகவேல் வண்டிக்குப் பின்னால் குந்தி, டிக்கிக்குள் தலையை விட்டான். எந்த ஷெட்டிலும் பிரேக் லைட் பார்ப்பது இப்படித்தான். முன்னால் ஒருத்தன் மிதிப்பான், பின்னால் ஒருத்தன் கத்துவான்.

"மிதி!"

எரிந்தது.

"விடு!"

அணைந்தது. ஒயரைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி இணைத்தான். அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"மிதி!"

எரிந்தது.

"விடு!"

அணையவில்லை.

"டேய், விடுடா!"

எரிந்துகொண்டே இருந்தது. பின்சுவரெல்லாம் சிவப்பு...

"காதுல என்னா பஞ்சாடா வச்சினுகிற? கால எடுடா!"

"யார்கிட்டண்ணா பேசற?"

குரல் முன்னாலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வாசலில் இளஞ்செழியன் சொட்டச் சொட்ட நின்றிருந்தான். கையில் டீ பார்சல்.

"எப்படா போன?"

"அப்பவே. சொல்லிட்டுத்தானே போனேன்... மழைல உனக்குக் கேக்கல."

முருகவேல் எழுந்து முன்னால் போனான். கதவைத் திறந்தான்.

சீட்டில் யாரும் இல்லை.

பிரேக் பெடல் மட்டும் கீழே போயிருந்தது... தரையோடு.

குனிந்து, விரலை அடியில் கொடுத்துத் தூக்கினான். வரவில்லை. மேலேயிருந்து அழுத்தம் இருந்தது.

கையை உதறி இழுத்துக்கொண்டான். ஓடிப்போய் பேட்டரியின் மைனஸைக் கழற்றினான்.

டக்.

விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

இளஞ்செழியன் கையிலிருந்து டீ விழுந்தது.

பயத்தில் முருகவேலுக்குக் கோபம்தான் வரும். ஆனால் அந்தக் கோபத்திலும் தொழில் புத்தி ஒன்றைச் சொன்னது. பிரேக் பெடல் தரைவரை போகக் கூடாது. போனால் பிரேக் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தான். பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் வளைகிற இடத்தில் இற்றுப்போயிருந்தது. துரு தெரியாமல் மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். லேசாக மிதித்தால் தாங்கும். இப்படி விடாமல் அழுத்தியதில் பிளந்து, ஆயில் முழுக்கத் தரையில் கிடந்தது. மறுநாள் காலையில் நெடுஞ்சாலையில் தம்பி ஒரே ஒரு தடவை நன்றாக மிதித்திருந்தால் போதும்.

வெளியே வந்து, அந்தக் காலி சீட்டைப் பார்த்து நின்றான். இந்தத் தடவை கத்தவில்லை.

"பாத்துட்டேன்பா... தெரிஞ்சிருச்சு. விட்டுரு."

பெடல் மெதுவாக மேலே வந்தது.

விளக்கு அணைந்தது.

மழை விட்டதும் சக்கரவர்த்தி வந்தார். பைப்பைக் காட்டியபோது அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. முருகவேலுக்கு அங்கேதான் பற்றிக்கொண்டது.

"தெரிஞ்சேதான் என் தம்பிய உக்கார வெக்கப் பாத்தியா?"

"மரியாதையா பேசு. கரண்டு வேல பாக்கறவனுக்குப் பிரேக்கப் பத்தி என்னா தெரியும்? வேற டிரைவர் கெடைக்க மாட்டானா?"

முருகவேல் பானெட்டைத் திறந்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டாரைப் பிடுங்கி, சுத்தியலால் ஒரே போடு போட்டான். அது இல்லாமல் இன்ஜின் கிளம்பாது, அந்தக் காலத்து வண்டிக்கு அது லேசில் கிடைக்காது.

"இப்ப ஓட்ரா பாக்கலாம்!"

அடிதடி ஆகாமல் அக்கம்பக்கத்துக்காரர்கள் விலக்கிவிட்டார்கள். கிரேன் வைத்துத்தான் வண்டியைத் தூக்கிப் போனார்கள்.

தை மாதம் ஒரு டிராக்டர் ஒயரிங் வேலைக்காக முருகவேல் கீழ்பென்னாத்தூர் போனான். அங்கே வெல்டிங் பட்டறை மாறனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னான். சிவப்புக் கார் என்றதும் மாறன் நம்பாமல் சிரித்தான். சக்கரவர்த்தி பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"ரெண்டு சீட்டா? அப்ப அது நீலக் கலர்ணா."

அதற்கு முந்தின வருஷம் அந்த வண்டி ஊருக்கு வெளியே வளைவில் புளியமரத்தில் மோதியதாம். ஓட்டியவர் அர்ஜுனன், உள்ளூர் ஆக்டிங் டிரைவர். பிரேக் புதுசு என்று சொல்லித்தான் அவரையும் ஏற்றியிருந்தார்கள். பக்கத்து சீட்டில் சக்கரவர்த்தி. அவர் தெறித்து வேர்க்கடலைக் கொல்லையில் விழுந்தார், ஒரு கீறல் இல்லை. கட்டர் எடுத்துக்கொண்டு மாறன் ஓடிப்போனபோது அர்ஜுனன் உயிர் போயிருந்தது. சக்கரவர்த்தி மட்டும் கொல்லையில் உட்கார்ந்தபடி, செத்தவரைப் பார்த்து "மிதிடா... மிதிடா..." என்று கத்திக்கொண்டே இருந்தாராம்.

முருகவேல் பல்லைக் கடித்தான். "அப்பறம்?"

மாறன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"கால் வரலண்ணா. பெடல அறுத்துத்தான் ஆள வெளிய எடுத்தோம். கீழ படுக்க வெச்சோம்... அப்பவும் அந்தக் கால் அமுத்திக்கினேதான் இருந்துச்சு."